ஆறாவது இடத்தில் யார்? மாதிரி டிராஃப்ட் செயலியோடு மூன்று ஆண்டுகள்

2023 பிப்ரவரியில் என் மகனுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்துக்குப் பெயர் ஜேலன் கார்ட்டர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது எதிரணியின் தாக்குதலை முன்வரிசையில் தடுப்பவர். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். எங்கள் அணி டெட்ராய்ட் லயன்ஸ் அதில் ஆறாவது இடத்தில் அவரைத்தான் எடுக்க வேண்டும் என்றான் அவன். எதிரணியின் பந்து வீச்சைத் தடுக்க ஆளில்லாமல் ஓர் ஆண்டு முழுவதும் தவித்த அணிக்கு, ஆரிகனின் கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலஸ்தான் வேண்டும் என்றேன் நான். சாப்பாட்டு மேசையில் தொடங்கிய பேச்சு காரில் தொடர்ந்து, அவன் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்வரை ஓயாது.

அந்தக் குளிர்காலத்தில் மிச்சிகனில் இருந்தவர்களுக்கு எங்கள் பதற்றம் புரியும். முதல் ஏழு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்ற அணி, கடைசி இரவில் கிரீன் பே-யிலேயே பேக்கர்ஸை வீழ்த்தி 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்திருந்தது. எங்கள் முன்னாள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்ததற்கு ஈடாக வந்த ஆறாவது இடமும், எங்கள் சொந்தப் பதினெட்டாவது இடமும் கையில் இருந்தன. முதல் சுற்றில் இரண்டு தேர்வுகள். இதை வீணாக்கிவிடுவார்களோ என்ற அச்சம்தான் என்னை ஒரு மாதிரி டிராஃப்ட் செயலிக்கு 40 டாலர் ஆண்டுச் சந்தா கட்ட வைத்தது.

சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இவ்வகைத் தளங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே முறையில்தான் இயங்குகின்றன. ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கிறோம். மற்ற 31 அணிகளுக்கும் கணினி கல்லூரி வீரர்களை எடுக்கிறது. அது இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: வல்லுநர்களின் தரவரிசைகளைத் திரட்டிய பொதுப்பட்டியல் ஒன்று, ஒவ்வோர் அணிக்கும் எந்த இடத்தில் ஆள் தேவை என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு எடை என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். நம் முறை வரும்போது ஆட்டம் நின்று காத்திருக்கும். ஏழு சுற்றையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

நான் கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது ஒரே ஒரு விஷயத்தில். வெறும் பேச்சில் நான் கொன்சாலஸை எடுத்துவிடலாம், அதற்கு விலையே இல்லை. செயலியில் அவரை எடுத்த மறுகணமே அடுத்த பதினோரு பெயர்கள் வரிசையாக மறையும். பதினெட்டில் என் முறை வரும்போது மிஞ்சியிருப்பவர்களை வைத்துத்தான் நான் அணியைக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு வாரம், ஒவ்வோர் இரவும் இதைத் திரும்பத் திரும்ப ஆடி, ஒரு நோட்டில் குறித்துவந்தேன். கொன்சாலஸை எடுத்தால், பதினெட்டில் கார்ட்டருக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க டேக்கிள் ஒருவரும் கிடைக்கவில்லை. கார்ட்டரை எடுத்தாலோ, பென் ஸ்டேட்டின் கார்னர்பேக் ஜோயி போர்ட்டர் ஜூனியர் பாதிக்கு மேற்பட்ட முறை பதினெட்டில் காத்திருந்தார்.

“அம்மா, யார் சிறந்தவர் என்பது கேள்வியே இல்லை. யாரைப் பிறகு வாங்க முடியாது என்பதுதான் கேள்வி” என்றான் மகன், என் நோட்டைப் புரட்டிக்கொண்டே. பதினாறு வயது. அந்த விவாதத்தில் நான் தோற்றேன், தோற்றது எங்கே என்பதும் எனக்குத் தெரிந்தது. பல வருடங்களாக இந்த ஆட்டத்தைப் பார்த்தும் எனக்குப் பிடிபடாத ஒன்றை ஒரு வார இரவுகள் கற்றுக்கொடுத்தன.

ஏப்ரல் 27. கேன்சஸ் சிட்டியில் டிராஃப்ட். ஆறாவது இடம் வந்தது. எங்கள் பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் அதை அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டார்! பன்னிரண்டுக்கு இறங்கி, அலபாமாவின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஜாமீர் கிப்ஸை எடுத்தார். மார்ச்சில்தான் டேவிட் மான்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அதே இடத்தில் ஆடும் டி’ஆண்ட்ரே ஸ்விஃப்டும் அப்போது எங்கள் அணியில்தான் இருந்தார். பதினெட்டில் அயோவாவின் லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசை வீரர்) ஜாக் கேம்பல். எங்கள் நோட்டில் இவ்விரு பெயர்களும் முதல் சுற்றுக்கு அருகில்கூட இல்லை. நாங்கள் மல்லுக்கு நின்ற கார்ட்டர் ஒன்பதில் ஃபிலடெல்ஃபியாவுக்கும், கொன்சாலஸ் பதினேழில் நியூ இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அதே தேர்வுகளை அப்படியே செயலியில் போட்டுப் பார்த்தேன். இடமாற்றத்தை அது உடனே ஏற்றுக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் டல்லாஸ் அணி உருவாக்கிய, ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் மதிப்பெண் தரும் அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த 6ஆம் இடம் 1600, 81ஆம் இடம் 185, மொத்தம் 1785. வாங்கிய 12ஆம் இடம் 1200, 34ஆம் இடம் 560, 168ஆம் இடம் சுமார் 24. ஏறக்குறைய ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தக் கணக்கின் அழகில் என் கோபம் கொஞ்சம் தணிந்தது.

ஆனால் வீரர்களுக்குச் செயலி கொடுத்த மதிப்பீடு மிக மோசம். கிப்ஸுக்குச் சிவப்பு, கேம்பலுக்கும் சிவப்பு. ரன்னிங் பேக்குக்கு இவ்வளவு உயர்ந்த இடத்தைச் செலவிடக்கூடாது என்பது அதன் விதி. நானும் அதை நம்பினேன். அன்று மாலை 34இல் டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிரணியைத் தடுக்கவும் செய்பவர்) சாம் லபோர்ட்டாவும், 45இல் தற்காப்பு வீரர் பிரையன் பிராஞ்சும் வந்தார்கள். லபோர்ட்டா முதல் ஆண்டிலேயே 86 பந்துகளைப் பிடித்தார். அதுவரை எந்தப் புதுமுக டைட் எண்டும் அத்தனை பிடித்ததில்லை. கிப்ஸ் 2024இல் 1412 கெஜம் ஓடி, மொத்தம் 20 டச்டவுன் அடித்தார். 1993க்குப் பிறகு முதல் முறையாக லயன்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்றது இந்த நால்வரின் முதல் ஆண்டில்தான்.

எனவே இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய மனக்குறை அந்த மதிப்பீடுதான். பொதுப்பட்டியலோடு நாம் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதை மட்டுமே அது அளக்கிறது. ஒத்துப்போனால் பச்சை, விலகினால் சிவப்பு. பார்க்கப் பார்க்க, பச்சை வாங்குவதற்காகவே வீரர்களை எடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அமைப்புப் பக்கத்தில் அதை அணைத்துவைக்க வழி இருக்கிறது. வாங்குகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிட வேண்டும்.

இடமாற்றப் பேரங்களிலும் கணினி இளகிய மனம் கொண்டது. 2024இல் டிராஃப்ட் டெட்ராய்ட்டிலேயே நடந்தது. கேம்பஸ் மார்ஷியஸ் சதுக்கத்தின் கூட்டத்தில் மகனும் நானும் நின்றிருந்தோம். அதற்கு முந்தைய வாரம் செயலியில், 29ஆம் இடத்தோடு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைச் சேர்த்துக் கொடுத்தே 24க்கு ஏறியிருந்தேன். அன்றிரவு ஹோம்ஸும் அதே 24க்குத்தான் ஏறினார், அலபாமாவின் கார்னர்பேக் டெரியன் ஆர்னால்டுக்காக. ஆனால் அவர் கொடுக்க வேண்டியிருந்தது மூன்றாம் சுற்றின் 73ஆம் இடம். ஒரே ஒரு சுற்று வித்தியாசம்தானே என்று தோன்றலாம். அந்த ஒரு சுற்றில்தான் ஆண்டு முழுவதும் ஆடக்கூடிய ஒருவர் இருப்பார் அல்லது இருக்கமாட்டார். அதே இரவில் முதல் பதினான்கு தேர்வுகளும் தாக்குதல் பக்க வீரர்களாகவே அமைந்தன. நான் ஆடிய எந்த மாதிரியிலும் இப்படி வந்ததில்லை. ஓர் அணி பயந்து ஒருவரை எடுத்தால் பக்கத்து அணியும் பயந்து எடுக்கும். இந்தத் தொற்றைச் செயலி அறியாது.

நேர்காணல் அறையில் நடப்பதும் மருத்துவர் சொல்வதும் அதற்குத் தெரியாது. ஒரு பயிற்சியாளர் ஒரு வீரரை எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதும் தெரியாது. 2025இல் ஆர்கன்சாவின் ஐசக் டெஸ்லா செயலியின் பட்டியலில் வெகு கீழே இருந்தார். ஹோம்ஸ் 102ஆம் இடத்தையும் 2026இன் இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து, 70க்கு ஏறி அவரை எடுத்தார். மிச்சிகனிலேயே வளர்ந்த பையன் என்பதால் எனக்கு மகிழ்ச்சி. மகனோ, “இது அதிக விலை” என்று கொதித்துப் போனான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைபேசியில் பட்டியல் நெருக்கமாக இருக்கிறது, மடிக்கணினியில்தான் வசதி. வீரர் குறிப்புகள் முதல் மூன்று சுற்றுக்கு நன்று, பிறகு இரண்டு வரிதான். ஏப்ரல் கடைசி வாரத்தில் தளம் திணறும். ஆண்டு முழுவதும் பார்க்காதவர்களுக்கு இலவசப் பதிப்பே போதும்; அதில் இடமாற்ற வசதி குறைவு, அவ்வளவுதான். இருவராக உட்கார்ந்து ஆளுக்கோர் அணியை நடத்தும் வசதி எனக்குக் கட்டணப் பதிப்பில்தான் கிடைத்தது. அதற்காகவே சந்தாவைப் புதுப்பித்து வருகிறேன்.

மகன் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான். 2026க்கான பதிப்பு திறந்த அன்று இரவு தொலைபேசியில் அழைத்தான். இருவரும் ஒரே திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்று சுற்றாகக் கீழே போனோம். மூன்றாம் சுற்றில் டெட்ராய்ட்டின் பெயர் எங்குமே இல்லை. “பார்த்தீர்களா?” என்றான். இரண்டாம் சுற்றிலிருந்து எத்தனை இடம் இறங்கினால் அந்தச் சுற்றுக்குள் ஒரு தேர்வு கிடைக்கும் என்று அட்டவணையை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினேன்.