நேப்பிள்ஸில் 'சொரெண்டோ, பொம்பெய் முழுநாள்' டூர் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

மத்தியதரைக் கடல் குரூஸில் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. இத்தாலியின் நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் நாளுக்கு, கப்பல் கம்பெனியே விற்கும் சொரெண்டோ, பொம்பெய் டூரை வாங்கினோம். சொரெண்டோ ஒரு கடலோர ஊர், பொம்பெய் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரம். அப்பா, அம்மா, கணவர், நான். ஒருவருக்கு நூற்றைம்பது யூரோவுக்குக் கிட்ட. புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி டூர்களைப் பல கப்பல்களில் விற்கிறார்கள், எல்லோரும் கவனமாக இருப்பது நல்லது.

எங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்தது இது: காலையில் சொரெண்டோ, அங்கே நாமாகச் சுற்றிப் பார்க்க இரண்டரை மணி நேரம், மதியச் சாப்பாடு, அப்புறம் பொம்பெய்யில் கைடோடு இரண்டு மணி நேரம்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே டொர்ரே டெல் கிரேக்கோ என்ற ஊரில் நிறுத்தினார்கள். கழிப்பறைக்காக என்றார் கைடு. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பெரிய கேமியோ நகைக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடற்சிப்பியைச் செதுக்கி உருவம் எடுக்கும் வேலை அது. அதற்கும் பவளத்துக்கும் அந்த ஊர் பேர்போனது, அந்தக் கைவேலையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சில நிமிஷம் செதுக்கிக் காட்டிவிட்டு, மீதி நேரம் முழுவதும் விற்பனைதான். பஸ் கதவு பூட்டியே இருந்தது. வெளியே நிழல் இல்லை. வயசானவர்கள் கடைக்குள்ளேயே நிற்க வேண்டியதாயிற்று.

சொரெண்டோ வந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. அங்கேயும் ஊருக்குள் விடவில்லை. பல நிற மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் செய்யும் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் செய்முறை, அங்கேயும் விற்பனை. அடுத்தது எலுமிச்சை மதுவான லிமொன்செல்லோ விற்கும் கடை. அப்பா என்னிடம், "ஏம்மா, நாம ஊரப் பாக்க வந்தோமா, கடையப் பாக்க வந்தோமா?" என்று கேட்டார். கைடிடம் போய்ச் சொன்னேன். இது அட்டவணையில் உள்ள நிறுத்தம், மாற்ற முடியாது என்றார். எங்கள் தாளில் ஒரு கடைகூட இல்லை என்று காட்டினேன். தாளைப் பார்க்கவே இல்லை. இப்படிப்பட்ட கடைகளில் விற்பனைக்குத் தகுந்தபடி டூர் நடத்துகிறவர்களுக்குக் கமிஷன் போவது சுற்றுலாத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நேரம் எங்கள் பணத்தில் வாங்கிய நேரம், அதுதான் என் ஆத்திரம்.

சாப்பாட்டில் நடந்தது இன்னும் மோசம். சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். வந்தது இறைச்சி வைத்த லசான்யா. திருப்பி அனுப்பினால் கீரை இலையும் ரொட்டியும் வந்தன. நொக்கி என்ற உருளைக்கிழங்குச் சிறு உருண்டைகளில் தக்காளிச் சாறும் மொஸரெல்லா சீஸும் போட்டுச் செய்யும் உணவு சொரெண்டோவின் பெயரிலேயே இத்தாலி முழுக்கத் தெரிந்தது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அம்மா வெறும் ரொட்டியைச் சாப்பிட்டார்.

கடைசியில் எங்களுக்கென்று மிஞ்சியது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. சொரெண்டோ ஒரு பாறைச் சரிவின் விளிம்பில் இருக்கும் ஊர், கீழே நேர் செங்குத்தாகக் கடல். வில்லா கொமுனாலே பூங்காவில் நின்றால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வெசூவியஸ் எரிமலை முழுசாகத் தெரியும். பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் மடத்தின் பழைய தூண் முற்றம். 1544-இல் அங்கே பிறந்த கவிஞர் டாஸோவின் பெயரில் நடுச்சதுக்கம். கீழே மீனவர்கள் இருக்கும் மரீனா கிராண்டே. மூட்டுவலியோடு அம்மா அந்தப் பூங்கா வரை மெதுவாக நடந்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்று கைடிடமிருந்து போன். மரீனா கிராண்டேயைப் பார்க்கவே இல்லை.

பொம்பெய் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கி.பி. 79-இல் புதைந்த ஒரு முழு நகரம் அது. ஃபோரம் என்ற நடுச்சதுக்கம், ஒரு குளியலகம், ஒரு தெரு, அவ்வளவுதான். ஆம்பிதியேட்டர் என்ற வட்ட அரங்கத்தின் பக்கமே போகவில்லை. போக்குவரத்து நெரிசல் என்றார்கள். மூன்று கடைகளில் போன நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கப்பலுக்கு வந்து புகார் கொடுத்தோம். கப்பலுக்குள் மட்டும் செலவழிக்கக்கூடிய ஒரு சின்னத் தொகையைத் தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. அச்சிட்ட தாளின் படம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எடுத்த போட்டோக்களில் பதிவாகியிருந்த நேரம், இரண்டையும் சேர்த்து கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம். நீங்களும் டூர் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே நிறுத்தினாலும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

நேப்பிள்ஸில் இந்த டூர் இல்லாமலே போகலாம். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மோலோ பெவெரெல்லோ படகுத்துறை. அங்கிருந்து வேகப்படகில் சொரெண்டோவுக்குச் சுமார் முக்கால் மணி நேரம்தான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகை ரத்து செய்வார்கள், அதையும் மனதில் வையுங்கள். கரிபால்டி நிலையத்திலிருந்து சிர்கும்வெசூவியானா ரயில் பொம்பெய் வாசலில் நின்று சொரெண்டோ வரை போகிறது, சில யூரோக்கள்தான். கூட்டமாக இருக்கும், பிக்பாக்கெட் அதிகம், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். 2024 நவம்பரிலிருந்து பொம்பெய்க்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, பெயர் போட்ட டிக்கெட்தான் தருகிறார்கள். அதனால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கப்பலின் சொந்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அதனால் தனியாகப் போகிறவர்கள் கப்பலில் ஏறச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே நேப்பிள்ஸ் திரும்பிவிடுங்கள். வயசானவர்களோடு போகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு ஊரையும் சேர்க்க வேண்டாம், சொரெண்டோ மட்டும் போதும்.

ஏற்கனவே இந்த டூரை வாங்கியிருந்தால், வழியில் எந்தெந்தக் கடைகளில் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் ரத்து செய்துவிடுங்கள். துறைமுகம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பு வரைக்கும் பல கம்பெனிகள் முழுப் பணத்தையும் திருப்பித் தருகின்றன. உங்கள் கப்பலில் அந்தக் கெடு எப்போது என்று இன்றே பாருங்கள்.