பழைய டர்போ கார் வாங்கப் போறீங்களா? மொதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க

நான் கேரள எல்லையில மலைமேல இருக்கிற குமுளிக்காரன். போன மாசம் கம்பத்துல ஒரு புரோக்கர்கிட்ட 2020 மாடல் கார் ஒண்ணு 6.40 லட்சத்துக்கு வாங்கி நல்லா ஏமாந்தேன்.

998 சிசி, மூணு சிலிண்டர், டர்போ பெட்ரோல். (டர்போன்னா, வெளிய போற புகை வேகத்துலயே சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புற சாமான்.) 120 பிஎஸ் பவர், 1500 ஆர்பிஎம்லயே 172 நியூட்டன் மீட்டர் டார்க். மலையேற வேற என்ன வேணும்? நான் போறப்பவே இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பானெட் கொதிக்குது. "உங்களுக்காக ஏசி போட்டு வச்சேண்ணே"ன்னான். உத்தமபாளையம் வரைக்கும் சமதள ரோட்டுல பறந்துச்சு. லோயர் கேம்ப் மேட்டுல ஏத்திப் பாக்கலாமான்னேன். "எதுக்குண்ணே, லேட்டாயிரும்." அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும்.

மறுநாள் காலைல வீட்டு வாசல்ல ஸ்டார்ட் பண்ணேன். தெருவே நீலப்புகை, அதாவது இன்ஜின் ஆயில் எரியுது. "எந்தா சேட்டா, கொதுகினு மருந்தடிக்குவாணோ?" பக்கத்து வீட்டுக்காரர் கேக்கறாரு, கொசு மருந்து அடிக்கறேனாம்.

டர்போல இருந்து வர்ற காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸை மெக்கானிக் கழட்டினதும் கால் டம்ளர் ஆயில் ஒழுகுச்சு. டர்போ வீலைப் பிடிச்சு அசைச்சா கெழவன் பல்லு மாதிரி ஆடுது. ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்குல வெல்லப்பாகு மாதிரி ஆயில். புகையும் சத்தமும் அமுங்கட்டும்னு கெட்டி ஆயிலை ஊத்தி என் தலையில கட்டியிருக்கான்.

இன்ஜினை நான் குறை சொல்லல. டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான். அந்த ஷாஃப்ட் மெல்லிசான ஆயில் படலத்துலதான் மிதக்குது. எங்க ஊரு குளிர்ல கெட்டி ஆயில் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பேரிங் தேயும். மேடு ஏறி வந்த சூட்டோட சாவியைத் திருகி நிறுத்தினாலும் உள்ள நிக்கிற ஆயில் கருகி, குழாய் அடைக்கும். மேனுவல்ல போட்ட கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாத்தினா நல்லா உழைக்கும். இந்த வண்டிக்குக் கடைசி 30,000 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரெக்கார்டே இல்ல. வாங்கினதுக்கு அப்புறம் விசாரிக்கிற புத்திசாலி நான்.

டர்போ மாத்த 85,000 கேக்கறாங்க. புரோக்கருக்குப் போன் போட்டேன். "டர்போன்னா கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான்ணே செய்யும்." அதுக்கப்புறம் எடுக்கல.

வண்டி பாக்கப் போறவங்க விடியக்காலைல சொல்லாம கொள்ளாம போய் நில்லுங்க. முன்னாடியே சூடு பண்ணி வச்சுட்டா ஸ்டார்ட் பண்றப்ப வர்ற புகை உங்க கண்ணுல படாது. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிற இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, நாலு பேரை ஏத்திக்கிட்டு மேட்டுல மிதிங்க, கண்ணாடில பின்னாடி புகை வருதான்னு பாருங்க.

நேத்து கம்பம் போயிருந்தேன். அதே இடத்துல இன்னொரு டர்போ வண்டி நின்னுச்சு. சும்மா பானெட்டுல கை வச்சேன். சூடு.