30 நாள் பொறுக்கச் சொன்னார்கள், 412 டாலர் போயிற்று

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பழைய டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்கள், ஜன்னலுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம் ஒட்டலாம் என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது 1972 மாடல். அரிசோனா வெயிலில் நிற்கிறது, மதியத்தில் உள்ளே ஐந்து நிமிடம் உட்கார முடியாது. ஏழு ஜன்னலில் ஐந்து கண்ணாடி. படுக்கைப் பக்கம் இருக்கும் இரண்டு மட்டும் அக்ரிலிக், அதாவது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். எனக்கு முன்னால் வைத்திருந்தவர், உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டு அதைப் போட்டிருக்கிறார்.

பழைய டிரெய்லர்களுக்கென்றே ஜன்னல் அளவுக்கு ஃபிலிமை வெட்டி அனுப்பும் இணையக் கடை ஒன்று. வாங்குவதற்கு முன்பே சாட்டில் கேட்டேன்: "இரண்டு ஜன்னல் அக்ரிலிக், பரவாயில்லையா?" இரண்டே நிமிடத்தில் பதில். "வழவழப்பாக இருந்தால் போதும், எதிலும் ஒட்டும், கவலையே படாதீர்கள்." அத்தோடு விட்டாரா? என்ன வருடம், என்ன நிறம் என்று விசாரித்தார். தன் அப்பாவும் இப்படி ஒன்று வைத்திருந்தார், கோடை விடுமுறை முழுக்க அதில்தான் கழியும் என்றார். அங்கேதான் விழுந்தேன். அப்பாவை இழுத்துப் பேசுகிறவர் பொய் சொல்வாரா என்று தோன்றியது. ஃபிலிமுக்கு 340 டாலர். "தப்பாக ஒட்டினாலும் மாற்றித் தருவோம்" என்ற உத்தரவாதத்துக்கு இன்னும் 72. மொத்தம் 412 டாலர். அந்தச் சாட்டைப் படம் பிடித்து வைக்கவில்லை.

நானும் மனைவியும் ஒரு விடியற்காலையில் ஒட்டினோம். தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பூ கலந்து தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வைப்பரால் தள்ளித் தள்ளி. ஐந்து கண்ணாடியும் அழகாக வந்தன, அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அக்ரிலிக்கில் குமிழி. எழுதிக் கேட்டேன். "உள்ளே நின்ற தண்ணீர் காய 30 நாள் ஆகும், பொறுங்கள்" என்றார்கள். இது பாதி உண்மை என்பதுதான் கொடுமை. கண்ணாடியில் தண்ணீர்க் கொப்புளம் அப்படித்தான் மெல்லக் காய்ந்து போகும். எனக்குச் சந்தேகம். மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் வட்டம் போட்டு வைத்தேன். தண்ணீராக இருந்தால் சுருங்க வேண்டுமல்லவா? இரண்டாவது வாரம் எல்லாம் வட்டத்தைத் தாண்டி வெளியே வந்திருந்தன. ஒன்று பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. அக்ரிலிக் சூடானால் அதிலிருந்து வாயு வெளியேறும், ஃபிலிம் அதை வெளியே விடாது. கண்ணாடி வேலை செய்கிற ஒருவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வட்டம் போட்ட படங்களை அனுப்பினேன். "இன்னும் காயவில்லை, 30 நாள் முடியட்டும்." அடுத்த கடிதத்துக்கும் அதே வரி, எழுத்து மாறாமல். 31ஆம் நாள் எழுதினால், "திருப்பித் தரும் கெடு 30 நாள், முடிந்துவிட்டது." சரி, 72 டாலர் வாங்கினீர்களே, அந்த உத்தரவாதம்? "அது ஒட்டுவதில் வரும் பிழைக்கு மட்டும். உங்களுடையது பரப்பின் பிழை." போன் செய்தால் பாட்டு ஓடுகிறது, பாட்டு முடிந்ததும் லைன் போய்விடுகிறது.

அப்புறம்தான் ஃபிலிம் வந்த அட்டைக் குழாயைக் குப்பையில் போடும்போது, உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுத்தாள் கண்ணில் பட்டது. கடைசி வரி, பொடி எழுத்து: அக்ரிலிக், பாலிகார்பனேட் மீது ஒட்டக்கூடாது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

உரித்தால் நாடா நாடாவாகக் கிழிகிறது, பசை அங்கேயே நிற்கிறது. கண்ணாடி என்றால் பிளேடால் சுரண்டிவிடலாம், அக்ரிலிக்கில் பிளேடு வைத்தால் கீறல். அம்மோனியா கலந்த கிளீனரும் அதற்கு ஆகாது. 412 டாலர் போனது போக, இரண்டு ஜன்னலும் பனி மூடியது போல நிற்கின்றன. "இரவிலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாது" என்று வேறு கடையில் சொல்லியிருந்தார்கள், அதுவும் பொய். உள்ளே விளக்கைப் போட்டதும் வெளியே நின்று பார்த்தேன். மனைவி போர்வை மடிப்பது வரை தெரிந்தது.

சொல்கிறேன் என்றேனே, அவசரமாகச் சிலது. தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வந்தால் அது அக்ரிலிக், ஃபிலிம் வேண்டாம். கண்ணாடியின் மூலையில் டெம்பர்ட் (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) என்ற முத்திரை இல்லாவிட்டால் யோசியுங்கள், சூடு தேங்கி ஓரத்திலிருந்து விரிசல் விடலாம். சாட்டைப் படம் பிடியுங்கள். "பொறுங்கள்" என்று யாராவது சொன்னால், திருப்பித் தரும் கெடு என்றைக்கு முடிகிறது என்று அன்றைக்கே பாருங்கள்.

கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு நேற்று எழுத்தில் புகார் அனுப்பினேன். இந்த 412 டாலர் முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டை அவர்கள் அனுப்பிய 60 நாளுக்குள் புகார் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு இன்னும் 19 நாள் மிச்சம் இருந்தது.