எட்டு நாள் ஊருக்குப் போனால் கோழிகளை யார் அடைப்பது?

நாய் வளர்ப்பவர் வெளியூர் செல்ல வேண்டுமானால், பணம் கட்டி விட்டுச் செல்லப் பெருநகரங்களில் விடுதிகள் இருக்கின்றன. கொல்லையில் ஆசைக்காக ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வளர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. அப்படியொரு விடுதி வேண்டும் என்று சொன்னாலே கேட்பவர் சிரிப்பார். திருச்சியின் புறநகரில் குடியிருக்கும் எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் மே மாதத்தில் எட்டு நாள் ஊரில் இருப்பதில்லை. கோழிகள் வந்த பிறகு அந்த எட்டு நாளுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் நான்கு விதமான ஏற்பாடுகளைச் செய்து பார்த்தோம். அவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை, பட்ட அனுபவத்தோடு சேர்த்து இங்கே ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஊருக்குப் புறப்படுபவர் பெரும்பாலும் கவலைப்படுவது தீவனத்தைப் பற்றித்தான்; ஆனால் இருக்கிற வேலைகளிலேயே எளியது அதுதான். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தின்னும் என்று கொண்டால், ஏழு கோழிகளுக்கு எட்டு நாளைக்கு ஆறு கிலோகூட ஆகாது. கம்பும் அரிசிக்குருணையும் கலந்த ஒரு வாளித் தீவனம் போதும். தண்ணீரின் கணக்கு வேறு. மற்ற நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி கத்திரி வெயிலில் அதைப்போல் இரு மடங்குகூடக் குடிக்கும் என்பதால், ஏழு கோழிகளுக்கு எட்டு நாளில் 28 லிட்டர் வரை தேவைப்படும். அத்தனை தண்ணீரும் நிழலில் இருக்க வேண்டும், எச்சம் விழாமலும் பாசி பிடிக்காமலும் இருக்க வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது தன் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பாத்திரம் கவிழ்ந்து கிடக்கும் ஒரே ஒரு மே மாத நண்பகல் அதற்கு எமனாகிவிடும்.

தண்ணீருக்கு அடுத்தது அந்திப்பொழுது. பகலெல்லாம் எங்கே மேய்ந்தாலும் இருட்டும் நேரத்தில் கோழிகள் தாமாகவே கூட்டுக்கு வந்துவிடும். வந்த பிறகு எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். கீரியும் மரநாயும் தெருநாயும் திறந்து கிடக்கும் கூட்டைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதில்லை. கடைசியாக, காலையில் கதவைத் திறக்கும்போது பார்க்கும் பார்வை. கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்கும் ஒன்றை முதல் நாளே கண்டுகொள்ளும் கண் இல்லாவிட்டால், மூன்றாம் நாள் பார்த்துப் பயனில்லை. தண்ணீரை யார் பார்ப்பார், அந்தியில் யார் எண்ணுவார், காலையில் யார் உற்றுப் பார்ப்பார் என்ற இந்த மூன்று கேள்விகளைத்தான் ஒவ்வோர் ஏற்பாட்டிடமும் கேட்கப்போகிறேன்.

ஆளே வேண்டாம், கருவிகள் போதும் என்பது முதல் ஏற்பாடு. தானாக இறங்கும் தீவனக் குழாய், நிப்பிள் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, நேரம் வைத்தால் திறந்து மூடும் பேட்டரிக் கதவு ஆகியவை இணையத்தில் கிடைக்கின்றன, கையில் பி.வி.சி. குழாயும் பொறுமையும் உள்ளவர் கதவைத் தவிர மற்றவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பதால் இது கவர்ச்சியான வழிதான். ஆனால் தட்டில் குனிந்து குடித்துப் பழகிய கோழி, நிப்பிளைக் கொத்தினால் தண்ணீர் வரும் என்பதைக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். புறப்படும் நாளன்று பொருத்திவிட்டுப் போவது தண்ணீரே வைக்காமல் போவதற்குச் சமம். இரவும் பகலும் நிறைந்திருக்கும் தீவனக் குழாயைத் தேடி அணிலும் மைனாவும் பகலில் வரும், எலி இரவில் வரும், எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். எறும்பின் படையெடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறை கதவில்தான் இருக்கிறது. குறித்த நேரத்தில் அது ஒழுங்காக மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஏழு இருக்கிறதா ஆறு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நாட்டுக்கோழிக்கு மரத்தில் அடையும் ஆசை எளிதில் போவதில்லை. எங்கள் கறுப்பி என்னும் சிறுவிடை (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி வகை) பெட்டை வாரத்தில் ஒரு நாளாவது முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்ட கோழிக்கு அந்தக் கதவே பகையாகிவிடும். ஆகவே ஒரு கேள்விக்கு அரைகுறையாகவும் மற்ற இரண்டுக்குச் சுத்தமாகவும் விடையில்லாத ஏற்பாடு இது. ஓர் இரவு வெளியே தங்குவதற்கு இதை நம்புவேன். இரண்டாம் இரவுக்கு நம்ப மாட்டேன்.

கோழிகளையே உறவினர் ஊருக்கு அனுப்பிவிடுவது இரண்டாவது வழி. நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவதும் இதுதான். கிராமத்தில் இடம் இருக்கிறது, கோழியோடு பிறந்து வளர்ந்த கைகள் இருக்கின்றன, ஏற்கெனவே இருபது கோழி மேயும் இடத்தில் இன்னும் ஏழு மேய்வது பாரமே இல்லை. மூன்று கேள்விகளுக்கும் காகிதத்தில் இதைவிட நல்ல விடை கிடைக்காது. ஆனால் சிக்கல் அந்த இருபது கோழிகளிடம் இருக்கிறது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டு; நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் அதை முறையாக எழுதி வைப்பதற்கு முன்பே நம் பாட்டிகள் அதை அறிந்திருந்தார்கள். புதிதாக ஏழு பறவைகள் போய்ச் சேரும்போது அந்த வரிசை முழுவதும் மறுபடி சண்டையிட்டே தீர்மானிக்கப்படும். தீர்மானம் முடிவதற்குள் நம் விடுமுறை முடிந்திருக்கும். இரண்டு சேவல்கள் நேருக்கு நேர் நின்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அச்சத்தாலும் பயணக் களைப்பாலும் பெட்டைகள் முட்டையை நிறுத்திவிடும். புது இடத்தைத் தன் கூடு என்று ஏற்றுக்கொள்ளும் வரை சில நாள் பஞ்சாரக் கூடையிலோ அறையிலோ அடைத்தே வைக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் அந்தியில் எங்கே போவது என்று தெரியாமல் அவை அலையும்.

சண்டையைவிடக் கொடியது கழிச்சல் நோய். குமாவோன் மலைநகரமான ராணிக்கேத்தின் பெயரால் ராணிக்கெட் நோய் என்றும், ஊர்ப்பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்றும் வழங்கும் இந்த நோய், தடுப்பூசி போடாத கூட்டத்தை ஒரே வாரத்தில் துடைத்துவிடக் கூடியது. தொற்றிய கோழி நோயின் அறிகுறியைக் காட்டச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், அங்கிருந்து கலகலப்பாகத் திரும்பி வரும் கோழி நம் கொல்லைக்கு வந்த பிறகுதான் தலையைத் தொங்கப்போடும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கான தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. மே மாதத்தில் அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்த முகாமிலேயே இரு தரப்புக் கோழிகளுக்கும் ஊசி போட்டுவிடுவது நல்லது. ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. புறப்படுவதற்கு முந்தின நாள் ஊசியை நினைத்துக்கொள்பவர் அனுப்பாமலே இருக்கலாம்.

சொல்லச் சற்றுச் சங்கடமான காரணம் ஒன்றும் உண்டு. ஆசைக்கு வளர்க்கும் கோழி என்ற வகையே பல கிராமத்து வீடுகளில் கிடையாது. நாங்கள் ஒரு முறை அனுப்பிய ஏழில் ஆறுதான் திரும்பின. எதிர்பாராத விருந்தாளி வந்துவிட்டார் என்றும், தம் கோழிகள் அன்று கைக்கு அகப்படவில்லை என்றும், அதற்கு ஈடாக எடை கூடிய பெருவிடை ஒன்றைத் தந்துவிடுகிறோம் என்றும் மனம் கோணாமல் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் அது நேர்மையான பரிமாற்றம். என் மகளுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒவ்வொரு கோழிக்கும் பெயர் இருக்கிறது என்பதை உறவினரிடம் முன்கூட்டியே, சிரிப்புக்கு அஞ்சாமல், சொல்லிவிட வேண்டும்.

பண்ணைக்காரர் ஒருவரிடம் கூலி பேசிக் கோழிகளை விட்டு வருவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். பல இடத்துக் கோழிகள் வந்து போகும் இடம் என்பதால் நோய்க்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். இதை நான் செய்து பார்க்கவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை.

மூன்றாவது, ஒருவரை நம் வீட்டிலேயே தங்கச் செய்வது. கோழிகள் தம் கூட்டில், தம் வரிசையில், தம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருக்கும். வீட்டுக்கும் காவல் ஆகும். மற்ற எந்த ஏற்பாட்டிலும் இல்லாத சிறப்பு ஒன்று இதில் உண்டு: நடு இரவில் கோழிகள் ஒரே குரலாகக் கத்தினால் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து வர வீட்டில் ஆள் இருக்கும். தரத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் எட்டு நாள் தம் வீட்டை விட்டுவிட்டு வந்து தங்கக்கூடியவர் யார்? பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற மாமனாரோ, பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட அத்தையோதான். குனிந்து திறக்க வேண்டிய தாழ்வான கூட்டுக் கதவு அவர்களின் முழங்காலுக்கு என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். தவிர, பெரியவர்களுக்கு அவர்கள் முறை என்று ஒன்று இருக்கும். எங்கள் அத்தை கோழிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் ஊரில் செய்வதுபோல் பொழுது விடிந்ததும் தெருவில் மேய விட்டார், பழைய சோற்றைத் தாராளமாக வைத்தார், விறகுக்குப் பின்னால் ஒரு பெட்டை முட்டையிடுவதைக் கண்டும் பேசாமல் இருந்தார். நாங்கள் திரும்பியபோது அது பதினொரு முட்டைகளின்மேல் ஐந்தாம் நாளாக அடையில் இருந்தது. சேவல் இருக்கும் வீட்டில் அந்த முட்டைகளை எடுத்துக் கலக்கிக் குடிக்கவா முடியும்? 21 நாள் ஆகும் வரை அந்தப் பக்கம் யாரும் விறகு எடுக்கவில்லை. ஒன்பது குஞ்சு பொரித்தன. அத்தைக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

அடை என்று வந்ததால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புறப்படும் நேரத்தில் ஏதாவது ஒரு பெட்டை அடையில் இருந்தால் அனுப்பிவைக்கும் வழி தானாகவே அடைபட்டுவிடும். முட்டையோடு பயணப்படுத்தினால் கோழி அடையை விட்டுவிடக்கூடும், முட்டைகளும் குளிர்ந்து வீணாகலாம். நாளுக்கு ஒரு முறை சிறிது நேரமே எழுந்து இரையெடுக்கும் அடைக்கோழிக்குத் தீவனத்தையும் தண்ணீரையும் அருகிலேயே வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

நான்காவது, பக்கத்து வீட்டார் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வது. எங்கள் சூழலில் இதுவே நிலைத்திருக்கிறது. கோழிகள் இடம் மாறுவதில்லை, யாரும் தம் வீட்டை விட்டு வர வேண்டியதில்லை, மூன்று கேள்விகளுக்கும் சுமாரான விடை இருக்கிறது. முட்டைகளை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான கைம்மாறு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடும் முட்டைகளை எண்ணினால் எட்டு நாளில் ஒரு டஜன் தேறுவதே கடினம் என்பதால், திரும்பி வரும்போது ஏதாவது வாங்கி வருவதுதான் மரியாதை. இதன் பலவீனம் மாலை நேரத்தில் இருக்கிறது. காலையில் கதவைத் திறக்க யாரும் மறப்பதில்லை, ஏனெனில் சேவல் விடாது. மாலையிலோ அவர்கள் வீட்டிலும் விளக்கேற்றும் நேரம், பிள்ளைகள் வரும் நேரம், கல்யாண வரவேற்புக்குப் புறப்படும் நேரம். அன்று ஒரு நாள் மறந்தால் போதும். அவர்களும் கோழி வளர்ப்பவர்களாக இருந்தால், கூட்டுக்குள் நுழைவதற்கென்று ஒரு ஜோடிச் செருப்பை நம் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். கழிச்சல் நோய் செருப்படியில் ஒட்டிக்கொண்டும் வரும்.

இந்த ஏற்பாட்டில் உழைப்பெல்லாம் புறப்படுவதற்கு முன்பே செய்ய வேண்டியது. இரண்டு நாள் முன்னதாகவே அவரை வரச் சொல்லி, நாம் பார்த்துக்கொண்டு நிற்க, அவரே திறந்து, வைத்து, எண்ணி, மூடட்டும். கதவின் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட வேண்டும் என்பதுபோன்ற, நமக்குச் சொல்லவே தோன்றாத விஷயங்கள் அப்போதுதான் வெளிப்படும். தீவனத்தைக் கிராமில் சொல்லாமல், ‘இந்த டம்ளரால் காலையில் நான்கு, மாலையில் மூன்று’ என்று சொல்வது நல்லது. பகல் நேரத் தண்ணீருக்கு மட்டும் கருவியின் துணையைச் சேர்த்துக்கொள்ளலாம்: நீரை நிரப்பித் தட்டின்மேல் கவிழ்த்து வைக்கும் பாத்திரங்கள் இரண்டை நிழலில் எதிரெதிர் மூலைகளில் வைத்துவிட்டால் ஒன்று சாய்ந்தாலும் இன்னொன்று இருக்கும். கூட்டுக் கதவில் ஒட்டும் தாளில் நம் எண்ணோடு, கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணையும் எழுதிவைப்பது அவசியம். கோழி இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் நம் முகத்தில் எப்படி விழிப்பது என்ற அச்சம் பொறுப்பேற்பவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

எனவே ஓர் இரவுக்குக் கருவிகள், ஒரு வாரத்துக்குப் பக்கத்து வீடு, இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் வீட்டில் தங்கும் ஆள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அனுப்பிவைக்கும் வழியை, பக்கத்தில் யாரும் இல்லாதவருக்கும், தனித்து அடைத்து வைக்க இடமுள்ள உறவினர் வாய்த்தவருக்கும் மட்டும் சொல்வேன். இந்த மே மாதம் பக்கத்து வீட்டு அக்காவோடு எங்கள் ஒப்பந்தம் இதுதான்: ஒவ்வொரு மாலையும் கதவைச் சாத்தியதும் எண்ணிக்கையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். ஆறு என்று வந்தால் பதறாமல் முருங்கையின் இரண்டாம் கிளையில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கறுப்பி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.