பஞ்சாயத்தா, தூதா, கேட்டுக்கொள்வதா?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்துவிட்டால், உறவுக்காரர்களுக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் பேசலாம். ஒருவர் நடுவில் போய் வரலாம். இல்லாவிட்டால், தேடி வந்து சொல்கிறவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அதை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் மனசுக்குச் சரியென்று படுவது கடைசி வழிதான்.

கூட்டிப் பேசுவதிலும் நியாயம் உண்டு. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கல்யாணத்தில் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவதே இரு வீட்டாரும் சேர்ந்துதான். சொத்து, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று கணக்காகப் பேசி முடிக்க வேண்டியது இருந்தால் பெரியவர்கள் உட்காரட்டும். மனத்தாங்கலுக்கு அது ஆகாது. நான் பார்த்த ஒரு பேச்சு இது: மருமகள் சென்னையில் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள், மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை. வீட்டு முன்பக்கத்துப் பட்டாலையில், அதாவது கூடத்தில், இரு பக்கத்தாரும் உட்கார்ந்தார்கள். காப்பி வருவதற்குள் பேச்சு சீரில் போய் நின்றது. வைரத்தோடு சொன்னபடி வரவில்லை என்றார் ஒருவர். “சீர் எழுதின சிட்டையை எடுத்துட்டு வாங்க” என்றார் இன்னொருவர். சென்னை வேலையை எல்லாரும் மறந்தே போனார்கள். அந்தப் பெண் உள்ளே இரண்டாங்கட்டில் நின்றுகொண்டிருந்தாள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு அது இரண்டு வீட்டுச் சண்டை ஆகிவிட்டது.

தூது போவது அதைவிட மோசம். “எனக்கு மூச்சு முட்டுது ஆச்சி” என்று அவள் அழுதிருப்பாள். அது அவன் காதுக்குப் போகும்போது “உன்னோட இருக்க முடியாதாம்” என்று ஆகிவிடும். போனவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, சுருக்கிச் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் அவர்கள் சேர்ந்துகொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தூது போனவருக்குக் கெட்ட பெயர் வரும், அது போகட்டும். அந்தப் பெண்ணுக்கு அடுத்த முறை மனம்விட்டுப் பேச ஆள் இல்லாமல் போகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேட்டுக்கொள்வது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. “நான் என்ன செய்யணும்னு நினைக்கிறே?” என்று கேட்க வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். கல்யாணமான மகனை அதே வளவில், அதாவது அதே பெரிய வீட்டுக்குள், தனி அடுப்போடு தனிக்குடித்தனம் வைத்து, வருஷச் செலவுக்கும் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர்கள் நம் அப்பத்தாக்கள். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டே விலகி நிற்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இருவருமே மூன்றாம் மனிதர் வேண்டும் என்றால் குடும்ப நீதிமன்ற ஆலோசகர் மேல். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே முதலில் சமரசத்துக்குத்தான் முயல வேண்டும். தவிர, அந்த ஆலோசகர் அடுத்த கல்யாணப் பந்தியில் எதிரே வந்து உட்காரப் போகிறவர் இல்லை.

அடி, உதை என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே கேட்டுக்கொண்டிருப்பது தப்பு, பட்டாலையில் கூடி “அனுசரிச்சுப் போ” என்பது அதைவிடப் பெரிய தப்பு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்றில்லை. விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181-க்கும் கூப்பிடலாம், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று தயங்கவே வேண்டாம்.