1,499 ரூபாய் கேமிங் ஹெட்செட்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தம்பிக்கு ஆன்லைனில் ஒரு கேமிங் ஹெட்செட் வாங்கிக் கொடுத்து ஏமாந்துவிட்டேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பொருளுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தப் பொருளுக்குக் கீழே குவிந்து கிடக்கும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து போனது. அது எப்படி நடந்தது என்று சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

தம்பி திருச்சியில் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நண்பர்களோடு வேலரன்ட் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். அதுவரை போனோடு வந்த பழைய இயர்போன்தான். அரியர் இல்லாமல் செமஸ்டரை முடித்தால் ஹெட்செட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன், முடித்துவிட்டான். பெரிய கம்பெனி ஹெட்செட்டுகள் என் கைக்கு எட்டவில்லை. தேடியதில் இது வந்தது. எம்ஆர்பி 4,999, ஆஃபரில் 1,499. 7.1 சரவுண்ட் சவுண்ட், 50 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்), சத்தத்தை வடிகட்டும் மைக், மெமரி ஃபோம் குஷன், எடை 220 கிராம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். 4.3 நட்சத்திரம். ஆர்டர் செய்தேன்.

பெட்டியைத் திறந்ததும் நன்றாகத்தான் இருந்தது. விளக்கு எரிந்தது, பாட்டு கேட்டது, தம்பி முகத்தில் சிரிப்பு. பெட்டிக்குள் ஒரு பளபளப்பான அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து அதன் ஸ்கிரீன்ஷாட்டை இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் நூறு ரூபாய் கேஷ்பேக், வாரன்டியும் ஆறு மாதம் கூடும் என்று அதில் அச்சடித்திருந்தது. இரண்டாம் நாளே தம்பி அனுப்பிவிட்டான். "சவுண்ட் சூப்பர், மூணு மணி நேரம் போட்டாலும் வலிக்கல" என்று எழுதியிருக்கிறான். அப்போது அவன் அதை மூன்று மணி நேரம் போட்டுப் பார்த்திருக்கவே இல்லை. நூறு ரூபாய் வந்தது. அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற பாராட்டுகளின் தேதிகளைப் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் "இன்றுதான் வந்தது", "நேற்று கிடைத்தது" என்றே தொடங்குகின்றன. ஹெட்செட் என்பது மிக்ஸி மாதிரி இல்லை, போட்டதும் ஓடுகிறதா என்று பார்த்து முடித்துவிட. காது வலிப்பது இரண்டாவது மணி நேரத்தில்தான் தெரியும். ஒயர் நிற்குமா என்பது இரண்டாவது வாரத்தில் தெரியும்.

ஆறாவது நாள் ஆபீஸ் கால் ஒன்றுக்கு நான் அதை மாட்டிக்கொண்டேன். நாற்பது நிமிடம்தான். தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் போய் அழுந்தி, கழற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தோடு போட்டிருப்பதால் வந்த வலி என்று நினைத்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர்கள், என் குரலைவிட எங்கள் வீட்டு மின்விசிறிதான் தெளிவாகக் கேட்கிறது என்றார்கள். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது நாள் ராத்திரி தம்பி வந்து நின்றான். "அக்கா, லெஃப்ட்ல சத்தம் வரல." வால்யூம் சக்கரத்துக்குக் கீழே ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. அப்புறம்தான் மற்றதும் வெளியே வந்தது. மூன்றாம் நாளிலிருந்தே அவனுக்குக் காதின் மேல் விளிம்பு வலித்திருக்கிறது, கண்ணாடியின் கால் நெற்றிப்பொட்டில் அழுந்தித் தலைவலி வந்திருக்கிறது. ஏன்டா சொல்லவில்லை என்றேன். "நீ காசு போட்டு வாங்கிக் கொடுத்தது, எப்படிக்கா சொல்றது" என்றான். எனக்கு ஹெட்செட் போனதைவிட இதுதான் அதிகமாக வலித்தது.

கஸ்டமர் கேரில் கேட்டால், ரீப்ளேஸ்மென்ட் ஏழு நாளுக்குள்தான், இனி பிராண்டைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். பெட்டியில் இருந்த எண்ணை மூன்று நாள் விடாமல் அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மின்னஞ்சல் திரும்பி வந்தது. கேஷ்பேக் அனுப்பிய வாட்ஸ்அப் எண் மட்டும் என் செய்தியைப் பார்த்தது, பதில் இல்லை.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து அந்தப் பொருளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதலில் அந்த 7.1. ஹெட்செட் ஒயரின் முனையில் ஒரு 3.5 மி.மீ. பின்னும் ஒரு யூஎஸ்பியும் இருந்தன. யூஎஸ்பியை மட்டும் லேப்டாப்பில் செருகினோம். விளக்கு எரிந்தது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் புதிதாக எந்தச் சாதனமும் வரவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு 3.5 பின்னை மட்டும் செருகினால் சத்தம் வருகிறது. அதாவது யூஎஸ்பி வெறும் விளக்குக்குக் கரன்ட் கொடுக்கத்தான். 7.1 என்றால் நம்மைச் சுற்றி ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், எட்டுத் தனித்தனி ஒலிப் பாதைகள். அந்தச் சின்னப் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள், அவற்றுக்கு நடுவே நான்கு உலோகத் துண்டுகள். இடது, வலது, எர்த், மைக். அவ்வளவுதான். அந்த வழியாக எட்டுப் பாதை போக இடமே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், 7.1 தேவையே இல்லை. நமக்கு இருப்பது இரண்டு காது. இடப்பக்கம் வரும் சத்தம் வலது காதைச் சேர ஒரு மில்லி செகண்டிலும் குறைவாகத் தாமதமாகும், தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கும், காது மடல் அதன் குணத்தைக் கொஞ்சம் மாற்றும். மூளை இவற்றை வைத்துத்தான் திசையைக் கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசங்களைக் கணக்குப் போட்டுச் சாதாரண ஸ்டீரியோவிலேயே திசையைக் காட்டும் வேலையை விளையாட்டே செய்துவிடும். வேலரன்டிலும் கவுன்டர் ஸ்டிரைக்கிலும் எச்ஆர்டிஎஃப் என்ற பெயரில் அது இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதே வேலையைச் செய்யும் விண்டோஸ் சோனிக் இலவசமாகவே வருகிறது. விளையாட்டில் இருப்பது, விண்டோஸில் இருப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள், சேர்த்துப் போட்டால் திசை குழம்பிவிடும். ஆக, இல்லாத ஒன்றை, தேவையும் இல்லாத ஒன்றை, பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள்.

சத்தத்துக்கு வருவோம். 50 மி.மீ. டிரைவர் என்பது அளவு மட்டும்தான், தரத்தைச் சொல்லாது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காது கேட்கும் எல்லை, அதைத் தூக்கி எல்லாப் பெட்டியிலும் அச்சடித்துவிடுகிறார்கள். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேட்டேன். அப்பா கச்சேரிப் பைத்தியம், அதனால் அந்த ஓசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தின், கும்காரமும் வலப்பக்கமான வலந்தலையின் நறுக்கென்ற சொல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதில் தொப்பி வீங்கிப்போய் வலந்தலையை அப்படியே மூடிவிட்டது. விரல் விழுவது தெரியவில்லை, 'தொம் தொம்' என்று ஒரே மூட்டம். பேஸை ஏற்றிவிட்டால் வாங்கியவுடன் கேட்கும்போது பிரமாதமாகத் தோன்றும், அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கனமான கீழ் ஒலி மேல் ஒலிகளை அமுக்கிவிடும். விளையாட்டில் எதிரியின் காலடி, துப்பாக்கியில் குண்டு மாற்றும் 'கிளிக்' எல்லாம் அப்படி அமுங்குகிற இடத்தில்தான் இருக்கின்றன. தம்பி ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறான். தன் ஆட்டம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

காலடி கேட்கவில்லை என்றால் பையன்கள் என்ன செய்வார்கள்? வால்யூமை ஏற்றுவார்கள். அவனும் முழுக்க ஏற்றி வைத்திருக்கிறான். இரண்டு ராத்திரி படுத்த பிறகு காதில் 'கீ' என்று ஒரு சத்தம் கேட்டதாம், அதையும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினால் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தினமும் இரண்டு மணி நேரம் ஆடும் பையனுக்கு அந்த நான்கு மணி நேரம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும். பெற்றோரும் அக்கா அண்ணன்களும் இந்த ஒன்றையாவது தயவுசெய்து கவனியுங்கள். காதுக்குள் ஒலியை உணரும் செல் போனால் திரும்ப முளைக்காது.

அடுத்தது போட்டுக்கொள்ளும் சுகம். கீழே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்து எலெக்ட்ரானிக் தராசில் வைக்கச் சொன்னேன். 352 கிராம். ஒயரைத் தூக்கிப் பிடித்தும் 310க்குக் கீழே இறங்கவில்லை. 220 எங்கே போயிற்று? குஷனின் உள் துளையை ஸ்கேலில் அளந்தோம், ஐந்தரை சென்டிமீட்டர். தம்பியின் காது ஆறு சென்டிமீட்டருக்கு மேல். காதை மூடும் வகை என்று விற்றது காதின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, வலிக்காமல் என்ன செய்யும்? மெமரி ஃபோம் என்றால் கட்டைவிரலால் அமுக்கி எடுத்த பிறகு பள்ளம் மெதுவாக எழும்ப வேண்டும். இது அந்தக் கணமே துள்ளி எழுந்தது, சாதாரண ஸ்பாஞ்ச். மேலுறை ரெக்ஸின். திருச்சி வெயிலில், கரன்ட் போன நேரத்தில் அரை மணி நேரம் அதை மாட்டிப் பாருங்கள், வியர்வை கன்னத்தில் வழியும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கண்ணாடிக் கால் போகும் இடத்தில் குஷன் இடைவெளி விடும், அதன் வழியே பேஸ் கசியும். மென்மையான குஷனாக இருந்தால் கண்ணாடியைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும், ஸ்பாஞ்ச் அப்படி அமுங்காது. தோடு போடுகிற பெண்களைப் பற்றி எந்த விமர்சன வீடியோவிலும் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. திருகாணிக்கும் எலும்புக்கும் நடுவே குஷன் எவ்வளவு அழுத்துகிறது என்று நாமே போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏழு நாள் என்பது அந்தத் தளம் தானாக வைத்துக்கொண்ட விதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள் வேறு சொல்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லை என்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ மறுக்கக் கூடாது. அதனால் "ஒயர் பழுது" என்ற புகாரை விட்டுவிட்டேன். "விளம்பரத்தில் சொன்னது பொருளில் இல்லை" என்று எழுதினேன். தராசில் 352 காட்டும் படம், ஸ்கேல் வைத்த குஷன் படம், யூஎஸ்பி மட்டும் செருகிய சவுண்ட் செட்டிங் திரை, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்த நூறு ரூபாய் அட்டை எல்லாவற்றையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஒப்புகை வந்தது. இரண்டு நாளில் அதே "ஏழு நாள்" பதிலும் வந்தது. உடனே 1915க்கு அழைத்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள், படங்களை ஏற்றச் சொன்னார்கள். அழைத்ததிலிருந்து பதினாறாம் நாள் 1,499 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதற்கு முன் வாலட்டில் பாயின்ட்டாகத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

பெட்டியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயர், முழு முகவரி, தயாரான நாடு, மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும், அது சட்டம். எங்கள் பெட்டியில் முகவரி இல்லை. நான் அந்த ஹெட்செட்டின் படத்தைப் போட்டுத் தேடிப் பார்த்தபோது அதே உடம்பு, அதே வளைவு, நான்கு வேறு பெயர்களில், நான்கு விலைகளில் வந்தது.

பணம் வந்த பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். விளக்கு இல்லாத, ஸ்டீரியோ என்று மட்டும் எழுதியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணாடியோடு இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு நிற்கட்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் நாற்காலியே போட்டுக் கொடுத்தார். நானும் தோட்டோடு போட்டுப் பார்த்தேன். 2,100 ரூபாய், பழைய டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருப்பதால் பிரித்துக் கொடுக்கும் ஒயருக்கு இன்னொரு நூறு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மிருதங்கம் போட்டேன். வலந்தலை கேட்டது.

தம்பி தன் பழைய பாராட்டை அன்று ராத்திரியே ஒரு நட்சத்திரமாக மாற்றி, தராசுப் படத்தையும் அட்டையின் படத்தையும் சேர்த்துப் போட்டான். நேற்று பார்த்தேன், அட்டையின் படத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். மற்றது இன்னும் இருக்கிறது, நான்காவது பக்கத்தில்.