சிஸ்டோஸ்கோபி: பார்ப்பதில் கெட்டி, தீர்ப்புக்குப் போதாது

ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறது, உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது என்று வந்தால் அடுத்து எழுதித் தருவது பெரும்பாலும் சிஸ்டோஸ்கோபிதான்; அதாவது, சிறுநீர்த் துவாரம் வழியாகக் குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது. சிறுநீர்ப்பையின் உள்படலத்தில் சுரப்பிகள் உருவாகும் சிஸ்டைட்டிஸ் கிளாண்டுலாரிஸ் என்ற அழற்சிக்கு இது எவ்வளவு உதவும்?

வளையும் குழாயின் தடிமன் சுமார் 16 ஃபிரெஞ்ச் (மருத்துவக் குழாய்களின் தடிமனைச் சொல்லும் அளவு), அதாவது 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். லிக்னோகெயின் ஜெல் செலுத்தி 10 நிமிடமாவது காத்திருந்தால்தான் மரத்துப்போகும். போட்ட கையோடு குழாயை விட்டால் அது வெறும் வழவழப்புக்குத்தான். பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். இதன் உண்மையான பலம், நுனியைப் பின்னால் மடக்கிச் சிறுநீர்ப்பையின் கழுத்தைப் பார்க்க முடிவது. இந்த அழற்சி அதிகம் தென்படுவது அங்கும், அதையொட்டிய முக்கோணப் பகுதியிலும்தான். மடக்கிப் பார்க்காமல் முடித்த சோதனையை முழுச் சோதனை என்று சொல்ல மாட்டோம்.

குறை என்னவென்றால், கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவு கட்ட முடியாது. கூழாங்கல் பரப்பியதுபோல மேடுபள்ளமாகவோ, காம்புள்ள கட்டியாகவோ இது தெரியும். புற்றுநோயும் அப்படித் தெரியலாம். புற்றுநோய்த் திசுவை ஒளிரச் செய்யும் மருந்தை விட்டுப் பார்க்கும் நீல ஒளி சிஸ்டோஸ்கோபி போனால் தெளிவாகிவிடும் என்பதும் தப்புக் கணக்கு. அழற்சியுள்ள இடமும் அதில் ஒளிரும். சிறுநீரில் செல் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தாலும் அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

ஆகவே பயாப்சி, அதாவது சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. இங்கேதான் நிறையச் சொதப்பல். சுரப்பிகள் சிறுநீர்ப்பையின் உள்படலத்துக்கு அடியில் இருக்கும். சின்ன இடுக்கியால் மேலாகக் கிள்ளினால் அவை சிக்காமலே போகலாம். கட்டிபோல் இருந்தால் மயக்கம் கொடுத்து, விறைப்பான கருவியால் தசை வரை சேர்த்து வெட்டியெடுப்பதே சரி. புற்றுநோய் தசைக்குள் ஊடுருவியிருக்கிறதா இல்லையா என்பதைத் தசை இல்லாத துண்டை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

துண்டைச் சோதித்த பெத்தாலஜி அறிக்கை வந்ததும் மூன்றைத் தேடுங்கள்: சாதாரண வகையா குடல் வகையா, செல்களில் டிஸ்பிளேசியா (புற்றுநோயை நோக்கிய இயல்புமீறிய மாற்றம்) உண்டா, துண்டில் தசை இருக்கிறதா. சாதாரண வகை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் சிறுநீர்ப்பையிலும் அடிக்கடி காணப்படுவது; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் கொண்ட குடல் வகையில்தான் விவாதம். சுரப்பி வகைப் புற்றுநோயான அடினோகார்சினோமாவின் அருகிலேயே இது தென்பட்டதால் அதன் முன்னோடியாக இருக்குமோ என்ற சந்தேகம் பழையது. ஆனால் 53 பேரை நீண்ட காலம் கவனித்து 1997-இல் வெளியான ஆய்வு, இது வலுவான அபாயக் காரணி அல்ல என்றே முடித்தது. டிஸ்பிளேசியா சேர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. அழற்சி மிகுந்த சில துண்டுகளில் சளி வெளியே கசிந்து அசல் புற்றுநோய்போலவே தோன்றும். பெரிய அறுவைக்கு ஒப்புக்கொள்ளுமுன் அதே ஸ்லைடை இன்னொரு சிறுநீரகத்துறை நோய்க்கூறியலாளர் பார்ப்பது நல்லது.

சோதனைக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். தொற்று இருக்கும்போது குழாயை விட்டால் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு. சிவந்த சுவரும் கண்ணை ஏமாற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிந்தபின் ஓரிரு நாள் எரிச்சல், இளஞ்சிவப்புச் சிறுநீர் சகஜம். காய்ச்சல், ரத்தக்கட்டி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

மறுபடி எப்போது பார்ப்பது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அட்டவணை இல்லை. குடல் வகையின் பரப்பையும் டிஸ்பிளேசியாவையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். கல், நாள்பட்ட கதீட்டர், திரும்பத் திரும்ப வரும் தொற்று, புராஸ்டேட் அடைப்பு என்று உறுத்தலுக்கான காரணம் அப்படியே இருக்க, குழாயை மட்டும் வருடா வருடம் விட்டுப் பார்ப்பது அரைகுறை வைத்தியம்.